உருளைக்கிழங்குக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? ஒரு பெயரின் வேரைத் தோண்டும் முழுமையான வழிகாட்டி

பள்ளிக்கூடக் கணக்கில் உருளை என்றால் சிலிண்டர். ஆரம், உயரம், கன அளவு என்று மனப்பாடம் செய்தோமே, அதே உருளை. ஆனால் உருளைக்கிழங்கை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அது சிலிண்டராகத் தெரிவதில்லை. அப்புறம் ஏன் இந்தப் பெயர்?

இந்தச் சின்னக் கேள்விக்கு விடை தேடப் போய், தேடும் முறையையே கற்றுக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். எந்தக் காய்க்கும் கிழங்குக்கும் இந்த முறை உதவும். உருளையை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு: செடி தென் அமெரிக்காவைச் சேர்ந்தது, பெயரோ அச்சு அசலான தமிழ். இப்படிச் செடி ஒரு பக்கமும் பெயர் இன்னொரு பக்கமும் நிற்கும் இடத்தில்தான் தோண்டுவதற்கு விஷயம் நிறைய இருக்கும்.

முதல் படி: அகராதிக்கு முன்னால் கிழங்கைப் பாருங்கள்

ஒரு உருளைக்கிழங்கைக் கழுவிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கங்கே குழிகள் இருக்கும். அவற்றைக் கண் என்கிறோம். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு ஓரத்தில் புருவம் போல வளைந்த கோடு ஒன்று தெரியும். இலை இருக்க வேண்டிய இடத்தின் தழும்பு அது. கண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனால், வரிசை கிழங்கைச் சுற்றிச் சுருளாக ஏறும். ஒரு முனையில் கண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மறுமுனையில் தொப்புள் மாதிரி ஒரு வடு, தாய்ச்செடியோடு ஒட்டியிருந்த இடம்.

வேரில் இப்படிக் கணுவும் மொட்டும் வரிசை கட்டி நிற்காது. ஆகவே உருளைக்கிழங்கு வேர் இல்லை, மண்ணுக்குள் பருத்த தண்டு. சர்க்கரைவள்ளியை அதே மாதிரி எடுத்துப் பாருங்கள், இந்தக் கண் வரிசை இருக்காது. அது உண்மையிலேயே வேர்.

பெயரைத் தேட இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். பெயர் வைத்தவர் தாவரவியல் படித்துவிட்டு வைக்கவில்லை. கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் வைத்தார். தமிழில் கிழங்கு என்ற சொல் வேர், தண்டு என்று பிரித்துப் பார்ப்பதே இல்லை. வேரான சர்க்கரைவள்ளியும் கிழங்கு, தண்டான உருளையும் கிழங்கு, சேற்றில் படரும் தாமரைத் தண்டும் கிழங்கு. இவ்வளவு ஏன், பனங்கொட்டை முளைத்து மண்ணுக்குள் இறங்குவதும் பனங்கிழங்குதான். மண்ணுக்கடியில் பருத்துத் தின்ன உதவினால் போதும். ஆக, பெயரின் பின்பாதி உருளைக்கிழங்கைப் பற்றித் தனியாக எதையும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதை எல்லாம் முன்பாதிதான் சொல்கிறது.

இரண்டாம் படி: பெயரைப் பிரியுங்கள்

உருளை + கிழங்கு. நடுவில் ஒரு 'க்' மிகுகிறது. 'உருளைகிழங்கு' என்று அந்த ஒற்றைத் தின்றுவிட்டு எழுதுவதை நிறையப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம். அந்த 'க்' வெறும் அலங்காரம் கிடையாது, ஒரு துப்பு. 'உருளுகிற கிழங்கு' என்ற பொருளில் பெயர் வைத்திருந்தால் அது 'உருள்கிழங்கு' என்று வினைத்தொகையாக வந்திருக்கும். திருக்குறளில் 667ஆம் குறளில் வரும் 'உருள்பெருந்தேர்' அப்படிப்பட்டதுதான்: உருண்ட தேர், உருள்கின்ற தேர், உருளும் தேர், மூன்று காலத்துக்கும் பொருந்தும். நம் கிழங்கின் பெயரில் இருப்பது வினை இல்லை, 'உருளை' என்ற பெயர்ச்சொல். கிழங்கு உருண்டு ஓடுகிறது என்று யாரும் சொல்லவில்லை. அது ஒரு உருளை போல இருக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்து உருளையையும் பிரியுங்கள். உருள் என்ற வினையோடு ஐ சேர்ந்தால் உருளை. திரள் என்பதிலிருந்து திரளை வருவது போல. இந்த ஐ தமிழில் ஓயாமல் வேலை செய்யும் விகுதி. நட நடையாகிறது, கொடு கொடையாகிறது, உடு உடையாகிறது. வினையை எடுத்துப் பொருளாக்கிவிடும். ஆக உருளை என்றால் உருளும் தன்மையுள்ள பொருள். சிலிண்டர் என்று அதில் எங்கும் எழுதி ஒட்டவில்லை.

மூன்றாம் படி: ஒவ்வொரு துண்டையும் அக்கம்பக்கத்து மொழிகளில் தேடுங்கள்

சிலிண்டர் புதிர் அவிழும் இடம் இதுதான். மலையாளத்திலும் இந்தக் கிழங்குக்கு உருளக்கிழங்ஙு என்றுதான் பெயர். அங்கே 'உருள' என்றால் கையில் உருட்டிய சோற்று உருண்டை. 'உருளைக்கு உப்பேரி' என்று அவர்களுக்கு ஒரு வழக்கு கூட உண்டு. ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு தொடுகறி, அதாவது சொன்ன சொல்லுக்குச் சுடச்சுடப் பதில். அங்கே உருளை பந்து வடிவம். தமிழிலும் பழைய வழக்கில் உருளைக்குத் தேர்ச்சக்கரம் என்ற பொருள் உண்டு. சக்கரம், உருண்டை, உருளும் கட்டை எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்த அகலமான சொல் அது. கலைச்சொல் தேடியவர்கள் கோளம் ஒரு பக்கம், கூம்பு ஒரு பக்கம் என்று பிரித்தபோது, சிலிண்டருக்கு உருளையை ஒதுக்கிவிட்டார்கள். சொல் சுருங்கியது, கிழங்கின் பெயர் மட்டும் பழைய அகலத்திலேயே நின்றுவிட்டது. நாம் பள்ளிக்கூடத்து உருளையை வைத்துக்கொண்டு கிழங்கை அளந்ததுதான் தவறு.

கிழங்கு என்ற சொல்லுக்கும் உறவினர்கள் இருக்கிறார்கள். மலையாளத்தில் கிழங்ஙு, துளுவில் கெரெங்கு. இப்படி ஒலி கொஞ்சம் மாறினாலும் முறையாக மாறி, பொருள் அப்படியே இருந்தால், ஒரு மொழி இன்னொன்றிடம் அண்மையில் கடன் வாங்கியது என்று சொல்வது கடினம். பொதுவான மூதாதைச் சொல் ஒன்று இருந்திருக்க வேண்டும். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) இந்த வேலைக்கென்றே இருக்கிறது. இணையத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதிகள் தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

அதே தளத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் இருக்கிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் பின்னிணைப்பாகவும் வந்தது. வின்சுலோவின் 1862 அகராதியும் உண்டு. சொல் எந்த ஆண்டு அகராதியில் ஏறியிருக்கிறது என்று பார்த்தால், 'இந்த ஆண்டுக்குள் சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது' என்று ஒரு மேல் வரம்பு கிடைக்கும். ஆனால் ஜெர்மன் பாதிரியார் ஃபெப்ரீசியசின் அகராதி விஷயத்தில் உஷார். அவருடைய அகராதி முதலில் வந்தது 1779இல். இணையத்தில் நாம் தேடுவது 1972இல் வந்த நான்காம் பதிப்பு. நடுவில் எத்தனையோ பேர் கைவைத்துத் திருத்திப் பெருக்கியது. அதில் ஒரு சொல்லைக் கண்டவுடன் '1779லேயே இருந்தது' என்று துள்ளிக் குதித்தால் மாட்டிக்கொள்வீர்கள். நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

நான்காம் படி: பொருள் எப்போது வந்தது என்று பாருங்கள்

சொல்லை விட்டுவிட்டு இப்போது செடியின் பயணத்துக்கு வாருங்கள். பெருவுக்கும் பொலிவியாவுக்கும் நடுவிலுள்ள டிட்டிக்காக்கா ஏரியைச் சுற்றிய ஆண்டீசு மலைப்பகுதியில், ஏறத்தாழ 7000 முதல் 10000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் உருளைக்கிழங்கைப் பயிராக்கினார்கள். அங்கே பேசும் கெச்சுவா மொழியில் அதன் பெயர் 'பாபா'. 1532இல் ஸ்பானியர்கள் இன்கா பேரரசுக்குள் நுழைந்த பிறகுதான் வெளியுலகத்துக்கு அது தெரியும். 1567இல் கனேரித் தீவுகளிலிருந்து ஆன்ட்வெர்ப்புக்கு உருளைக்கிழங்கு கப்பலேறிய பதிவு இருக்கிறது. 1596இல் தாவரவியலாளர் காசுபர் பாகின் அதற்குச் சொலானம் டியூபரோசம் என்று லத்தீனில் பெயர் வைத்தார். 1753இல் லின்னேயசு அதையே ஏற்றுக்கொண்டார். இந்தியாவுக்குள் முதலில் போர்த்துக்கீசியர் வழியாக மேற்குக் கரையில் இறங்கி, பிறகு ஆங்கிலேயர் காலத்தில் பரவியது. நீலகிரியில் 1820களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் பயிரிட ஏற்பாடு செய்தார்.

இப்போது கணக்குப் போடுங்கள். உருள் குறள் காலத்துச் சொல். கிழங்கு சங்க காலத்துச் சொல். ஆனால் 'உருளைக்கிழங்கு' என்ற கூட்டு, கிழங்கு கண்ணில் பட்ட பிறகுதான் பிறந்திருக்க முடியும், அதாவது சில நூற்றாண்டுகளுக்கு உள்ளேதான். உறுப்புகளின் வயது, கூட்டின் வயது, பொருளின் வயது என்று மூன்றையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். சொற்பிறப்பு பற்றி நடக்கும் சண்டைகளில் பாதி, இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருவது.

வள்ளிக்கிழங்கை எடுத்துக்கொண்டால் இது பளிச்சென்று புரியும். புறநானூற்றின் 109ஆம் பாட்டில் கபிலர் பாரியின் பறம்பு மலையைப் பற்றிச் சொல்கிறார். மூவேந்தரும் சேர்ந்து முற்றுகையிட்டாலும் அந்த மலை பட்டினி கிடக்காது, உழவர் உழாமலே விளைபவை நான்கு உண்டு என்று அடுக்குகிறார். மூங்கில் நெல், பலாப்பழம், தேன், நடுவில் 'கொழுங்கொடி வள்ளிக் கிழங்கு'. இதைக் காட்டி, சர்க்கரைவள்ளி தமிழருக்கு இரண்டாயிரம் ஆண்டாகத் தெரியும் என்று சொல்பவர்கள் உண்டு. சர்க்கரைவள்ளியும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்ததுதான், கொலம்பசு 1492இல் அங்கே போன பிறகு நம் பக்கம் வந்தது. கபிலர் சொன்ன வள்ளி, காட்டில் கொடியாக ஓடும் வேறொரு கிழங்கு. வள்ளி என்றாலே கொடி. புதிய கிழங்கும் கொடியாகப் படர்ந்தது, தின்றால் இனித்தது. ஆகவே பழைய பெயருக்கு முன்னால் சர்க்கரையை ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் இன்னொரு அமெரிக்கக் கிழங்கு வந்தது. அதற்கு மரவள்ளி. அது கொடியே இல்லை, ஆளுயரத்துக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் செடி! 'மரக் கொடி' என்று பெயர் வைத்த மாதிரி. வள்ளி என்ற சொல் அதற்குள் கொடி என்ற பொருளை உதறிவிட்டு, 'மாவுள்ள கிழங்கு' என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. மிளகிலிருந்து மிளகாய் வந்ததும் இதே பழக்கத்தில்தான்.

ஐந்தாம் படி: மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஊருக்குள் முன்பின் தெரியாத ஒரு கிழங்கு வந்து நிற்கிறது. அதை என்னவென்று கூப்பிடுவது? உலகம் முழுக்க மக்கள் ஏறத்தாழ மூன்று விதமாகச் சமாளித்திருக்கிறார்கள்.

கொண்டுவந்தவன் சொன்ன பெயரையே வாயில் போட்டுக்கொள்வது ஒன்று. கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் சர்க்கரைவள்ளியை 'பட்டாட்டா' என்றார்கள். ஐரோப்பாவுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது அதுதான். பிறகு கெச்சுவாவின் 'பாபா' வந்தது. ஸ்பெயினில் இரண்டும் கலந்து உருளைக்கிழங்கு 'பத்தாத்தா' (patata) ஆனது, சர்க்கரைவள்ளி 'பட்டாட்டா' (batata) என்றே நின்றது. ஸ்பானிய மொழி பேசும் லத்தீன் அமெரிக்காவில் இன்றைக்கும் உருளைக்கிழங்கு 'பாபா'தான். ஆங்கிலத்தின் 'பொட்டேட்டோ' முதலில் குறித்தது சர்க்கரைவள்ளியை. பிறகுதான் உருளை அந்தப் பெயரைப் பிடுங்கிக்கொண்டது; சர்க்கரைவள்ளி தன் சொந்தப் பெயருக்கு முன்னால் 'ஸ்வீட்' போட்டுக்கொள்ள வேண்டிய நிலைக்கு வந்தது. வீட்டுக்காரர் வாடகைக்கு இருக்கிற கதை. மராத்தியில் 'பட்டாட்டா' என்று இருப்பது போர்த்துக்கீசியர் விட்டுச்சென்றது. சிங்களத்தில் 'அர்த்தாபல்'. அது டச்சு மொழியின் 'ஆர்டப்பல்'. 1796 வரை இலங்கைக் கரையோரம் டச்சுக்காரர் கையில் இருந்தது நினைவிருக்கட்டும்.

இரண்டாவது வழி, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சொல்லை நீட்டிக்கொள்வது. இந்தியின் 'ஆலு' அப்படிப்பட்டது. சமஸ்கிருதத்தில் 'ஆலு', 'ஆலுக' என்பது வேறு கிழங்குகளைக் குறித்த பழைய சொல். உருளைக்கிழங்கு வந்ததும் அதன் தலையில் ஏறிக்கொண்டது. ஜெர்மனின் 'கார்ட்டோஃபல்' இன்னும் சுவையானது. இத்தாலிய மொழியில் மண்ணுக்கடியில் விளையும் ஒரு வகைக் காளானின் பெயரிலிருந்து வந்தது அது. பெருவைப் பற்றி 1553இல் எழுதிய பெத்ரோ சியேசா தெ லியோனும் 'பாபா'வை அந்தக் காளானோடுதான் ஒப்பிட்டார். மண்ணைக் கிளறினால் உருண்டையாக ஏதோ கிடைக்கிறது, அவர்களுக்குத் தெரிந்த உருண்டை காளான்தான்.

மூன்றாவது, பார்த்ததை வர்ணிப்பது. பிரெஞ்சுக்காரர் 'நிலத்து ஆப்பிள்' என்றார்கள். மேலே சொன்ன டச்சு ஆர்டப்பலுக்கும், பாரசீகத்தின் சீப்ஜமீனிக்கும் அதே பொருள்தான். சீனத்தில் 'மண் அவரை' என்று ஒரு பெயர். தெலுங்கில் 'பங்காளாதும்ப', வங்காளத்துக் கிழங்கு. ஜப்பானில் 'ஜாகாஇமோ', ஜகார்த்தாவின் பழைய பெயரோடு கிழங்கு சேர்ந்தது.

தமிழ் இந்த மூன்றாவது கூட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். பிரெஞ்சுக்காரருக்கு ஒரு பழம் நினைவுக்கு வந்தது, ஜெர்மானியருக்கு ஒரு காளான். நம்மிடம் கிழங்கு என்ற வகை ஏற்கெனவே நிறைந்து கிடந்ததால், 'இது எதைப் போல?' என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கிழங்குதான் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. எந்தக் கிழங்கு என்று மட்டும் சொன்னால் போதும். நீளமாக இல்லை, விரல் விரலாக இல்லை, பந்தாக இருக்கிறது. முடிந்தது வேலை.

ஆறாம் படி: வழுக்கும் இடங்கள்

பெயரில் ஊர் இருந்தால் அது பிறந்த ஊர் என்று நம்பாதீர்கள். அது பெரும்பாலும் வந்த வழி. வங்காளத்தில் உருளைக்கிழங்கு பிறக்கவில்லை, ஜகார்த்தாவிலும் இல்லை. 1597இல் ஜான் ஜெரார்டு தன் மூலிகை நூலில் அதை 'வெர்ஜீனியாவின் பொட்டேட்டோ' என்று எழுதிவைத்தார், அதுவும் தவறு. நிலக்கடலையைச் சில பக்கங்களில் மணிலாக்கொட்டை என்பார்கள், தேய்ந்து மல்லாட்டை ஆகியிருக்கும். மணிலா அதன் வழித்தடம், தாய்வீடு தென் அமெரிக்கா.

ஒலி ஒத்திருந்தால் உறவு என்று முடிவு கட்டாதீர்கள். நாட்டு மருந்துக் கடையில் ஆல்பக்கோடா என்று கேட்டு வாங்கும் உலர்ந்த பழத்தின் பெயர் 'ஆலு புக்காரா'. அதில் இருக்கும் ஆலு பாரசீகச் சொல், பிளம் பழம் என்று பொருள், புக்காரா ஊர்ப்பெயர். இந்தி ஆலுவுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நான் முதலில் 'புக்காராவின் உருளைக்கிழங்கு' என்று புரிந்துகொண்டு அரைநாள் அதிலேயே சுற்றினேன்.

கதை அழகாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆங்கிலப் பேச்சு வழக்கில் உருளைக்கிழங்குக்கு 'ஸ்பட்' என்று ஒரு பெயர். உருளைக்கிழங்கை எதிர்த்த ஏதோ ஒரு சங்கத்தின் பெயரில் உள்ள முதலெழுத்துகள் அவை என்று ஒரு கதை ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. உண்மையில் ஸ்பட் என்பது மண்ணைக் கிளறும் சின்னக் கருவி. தோண்டும் கருவியின் பெயர் தோண்டி எடுத்ததற்குப் போய்விட்டது, அவ்வளவுதான். தமிழிலும் இந்த வேலை நடக்கும். முள்ளங்கியை முள் + அங்கி என்று பிரித்து 'முள் சட்டை போட்டது' என்று சொல்லலாம், கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது முள்ளும் இல்லை, அங்கியும் இல்லை. கன்னடத்தில் மூலங்கி, இந்தியில் மூலி, சமஸ்கிருதத்தில் மூலக என்று வரிசையாக நிறுத்திப் பாருங்கள், மூலம், அதாவது வேர், என்ற சொல் தலைகாட்டும். ஆங்கிலத்தின் ராடிஷும் லத்தீனில் வேர் என்ற சொல்லிலிருந்துதான் வந்தது.

ஏழாம் படி: கண்டதை ஒரு பதிவாக எழுதுங்கள்

நீளமாக வேண்டாம், என் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது:

உருளைக்கிழங்கு. உருளை + கிழங்கு. உருளை: உருள் + ஐ, உருண்டைப் பொருள், சக்கரம், சிலிண்டர் என்பது பின்னால் வந்த கலைச்சொல் பொருள். கிழங்கு: திராவிட மொழிகளுக்குப் பொது. கூட்டு: வர்ணனைப் பெயர், மலையாளத்தோடு பொது. பொருள்: ஆண்டீசு மலை, 16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகே இங்கே. உறுதி: உறுப்புகளின் பொருளில் முழு உறுதி, மலையாளமும் தமிழும் தனித்தனியாக வைத்தனவா, ஒன்றிடமிருந்து ஒன்று எடுத்ததா என்பது திறந்த கேள்வி.

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எது உறுதி, எது ஊகம் என்று பிரித்து எழுதினால்தான் அடுத்து தோண்டுபவர் எங்கே மண்வெட்டியைப் போடுவது என்று தெரிந்துகொள்வார்.

சரி, கை பழக ஒன்று. மரவள்ளியை எடுங்கள். குச்சிக்கிழங்கு, ஏழிலைக்கிழங்கு, மரச்சீனி என்று அதற்கு இன்னும் பெயர்கள் இருக்கின்றன. குச்சியை நட்டால் முளைப்பது, ஏழு விரல் விரித்த மாதிரி இலை, என்று முதல் இரண்டையும் செடியைப் பார்த்தே அவிழ்த்துவிடலாம். மரச்சீனியில் இருக்கும் சீனி சர்க்கரையா, சீன நாடா என்பதிலிருந்து தொடங்குங்கள்.